மானம் பறித்த சொற்கள்

1088ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் வில்லியமுக்குப் படைக்கு ஆள் போதவில்லை. நார்மன் பிரபுக்களில் பலர் அவருடைய அண்ணன் ராபர்ட்டின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். சித்தப்பா முறையான ஆயர் ஓடோவே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ரோச்சஸ்டர் கோட்டை அவர்கள் வசம் இருந்தது. முற்றுகையிடப் பெருங்கூட்டம் வேண்டும். அப்போது மன்னர் நாடெங்கும் ஓர் அறிவிப்பை அனுப்பினார். ‘நித்திங்’ அல்லாத ஒவ்வொருவனும், பிரெஞ்சுக்காரனோ ஆங்கிலேயனோ, நகரத்தானோ நாட்டுப்புறத்தானோ, வந்து சேர வேண்டும். அறிவிப்பு பலித்தது என்கிறது ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேடு. கோட்டையும் விழுந்தது.

கோழை, துரோகி, சொல் தவறியவன், மனிதக் கூட்டத்தில் சேர்க்கத் தகாதவன் என்ற எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். வடகடலைத் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல் அது. 1049இல் ஸ்வேன் என்ற பிரபு தன் உறவினர் பியோர்னை நம்பவைத்துக் கொன்றபோது, அரசரும் படையும் கூடி அவனை நித்திங் என்று அறிவித்தார்கள். ஐஸ்லாந்தில் இதற்கென ஒரு சடங்கே இருந்தது. நெடுங்கழி ஒன்றை நட்டு, அதன் உச்சியில் குதிரைத் தலையைச் செருகி, எதிரி இருக்கும் திசையைப் பார்க்கத் திருப்பி, அவனை இழித்துரைப்பார்கள். எகில் என்ற வீரர் நார்வே அரசர் எரிக்குக்கும் அரசி குன்ஹில்டுக்கும் எதிராக இப்படிக் கழி நட்டதாக அவர் பெயரிலுள்ள ‘சாகா’ என்ற பழங்கதை சொல்கிறது. ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பில் மூன்று வசைச் சொற்களுக்குத் தனி இடம் உண்டு. மூன்றும் ஒருவனின் ஆண்மையைப் பழிப்பவை. அவற்றைக் கேட்டவன் சொன்னவனைக் கொன்றாலும் சட்டம் அவன் பக்கம் நின்றது.

நித்திங் என்ற சொல்லில் ஒரு நியாயம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அது செயலைப் பார்த்து வைத்த பெயர். பிரபு ஸ்வேனும் நித்திங் ஆகலாம். உழுது பிழைப்பவன் ஆகாமலும் இருக்கலாம். பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலம் சேர்த்துக்கொண்ட இழிசொற்களில் பெரும்பங்கு அப்படிப்பட்டவை அல்ல. ஒருவர் எங்கே பிறந்தார், எந்த வேலை செய்தார், ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து ஒட்டப்பட்டவை அவை. மானம் பறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை நான் வாசிக்கும் வகையில், செயலிலிருந்து ஆளுக்கு நகர்ந்த இந்த நகர்வே அதன் முதுகெலும்பு.

நகர்வதற்கு முந்தைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஆங்கிலேயரின் மிகப் பழைய சட்டங்களே சாட்சி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கென்ட் நாட்டை ஆண்ட லோத்தேர், எட்ரிக் ஆகியோரின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இன்னொருவர் வீட்டில் வைத்து ஒருவனைப் பொய்ச்சத்தியம் செய்தவன் என்று திட்டினாலோ, வெட்கக்கேடான சொற்களால் ஏசினாலோ, வீட்டுக்காரருக்கு 1 ஷில்லிங், ஏச்சு வாங்கியவருக்கு 6 ஷில்லிங், அரசருக்கு 12 ஷில்லிங் கட்ட வேண்டும். வீட்டுக்காரருக்கு எதற்குப் பங்கு என்று கேட்கத் தோன்றும். தன் கூரையின் கீழ் விருந்தாளி அவமானப்பட்டால் அது தனக்கும் இழுக்கு என்பது அக்காலத்துக் கணக்கு. அரசருக்கு ஏச்சு வாங்கியவரைப் போல் இருமடங்கு போவதுதான் இன்றைக்கும் பழக்கப்பட்ட சங்கதி.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் மன்னர் இன்னும் நுணுக்கமாகப் போனார். ஊரறியப் பொய்ப்பழி பரப்பியவனின் நாக்கை அறுக்க வேண்டும். வேண்டுமானால் நாக்குக்குரிய பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். குற்றமற்ற ‘சர்ல்’ ஒருவனை அவமானப்படுத்தும் நோக்கில் தலைமுடியைக் கண்டபடி வெட்டினால் 10 ஷில்லிங் அபராதம். தாடியை வெட்டினால் 20. பாதிரியாரைப் போல மொட்டையடித்தால் 30. கட்டிப்போட்டு மொட்டையடித்தால் 60. சர்ல் என்றால் சொந்தமாக உழும் சுதந்திரக் குடியானவன். அவனுக்கும் மானம் உண்டு, அதற்கு விலையும் உண்டு என்று சட்டம் எழுதிவைத்திருந்தது.

அந்தச் சர்லின் கதி பின்னால் என்ன ஆயிற்று? இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முரடன், மரியாதை தெரியாதவன் என்று பொருள். யாருடைய மானத்துக்குச் சட்டம் விலை வைத்ததோ, அவனுடைய பெயரே பிறர் மானத்தைக் கெடுக்கும் சொல்லாகிவிட்டது.

இடையில் நடந்தது 1066ஆம் ஆண்டின் நார்மன் வெற்றி. பிரெஞ்சு பேசும் புதிய நிலவுடைமையாளர்கள் மேலே அமர்ந்தார்கள். மனிதரை அளக்கும் சொற்கள் அவர்கள் கண்ணால் அளக்கத் தொடங்கின. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் மிக அதிகமாக வரும் குடிகள் ‘வில்லானி’. பண்ணை நிலத்தோடு கட்டுண்ட கிராமத்து உழவர்கள் என்பது பொருள். கிராமப் பண்ணையைக் குறிக்கும் ‘வில்லா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த உழவனே சில நூற்றாண்டுகளில் கயவன் ஆனான். பிறகு நாடகத்தின் கெட்டவன் ஆனான். கடைசியில் கடல் கடந்து கோடம்பாக்கத்துக்கு வந்து, பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பிலும் நம்பியாரின் கை பிசையலிலும் ‘வில்லன்’ ஆனான். எம்.ஜி.ஆரிடம் அடி வாங்குபவனின் பெயருக்குள் ஓர் ஏழை உழவன் இருக்கிறான் என்பது எத்தனை ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்!

‘நேவ்’ முதலில் சிறுவன், பிறகு ஏவலாள், பிறகு போக்கிரி. ‘பூர்’ விவசாயி, பிறகு பண்பற்றவன். ‘லூட்’ என்பது குருமார் அல்லாத, எழுத்தறியாத சாமானியரைக் குறித்தது. இப்போது ஆபாசத்தைக் குறிக்கிறது. ‘ரெட்ச்’ நாடு கடத்தப்பட்டவன், ‘கேய்ட்டிஃப்’ சிறைப்பட்டவன். இரண்டும் இழிந்தவனுக்குப் பெயராயின. எதிர்த்திசையில் உயர்குடியைக் குறித்த ‘நோபிள்’, ‘ஜென்டில்’, ‘ஜெனரஸ்’ ஆகியவை நற்குணங்களின் பெயர்களாக ஏறிப்போயின. அந்தஸ்துச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறும் இந்தப் போக்கை சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட ‘சொற்களில் ஆய்வுகள்’ என்ற நூலில் விரிவாக எழுதினார். லூயிஸ் இதைச் சற்றுக் கனிவோடுதான் பார்க்கிறார்: உயர்ந்தவனிடம் உயர்ந்த நடத்தையை எதிர்பார்த்த சமூகத்தின் விளைவு இது என்ற தொனியில். எனக்கு அந்தக் கனிவு வரவில்லை. அகராதியில் குடியானவனின் பக்கத்தை எழுதியவர்கள் குடியானவர்கள் அல்லர்.

பெண்களைக் குறித்த சொற்களுக்கு வந்தால் இந்தச் சரிவு இன்னும் செங்குத்து. ‘ஹஸ்ஸி’ என்ற சொல் ஹவுஸ்வைஃப், அதாவது இல்லத்தரசி, என்பதன் தேய்ந்த வடிவம். இல்லத்தரசியாக இருந்தவள் ஒழுக்கம் கெட்டவளானாள். ‘வெஞ்ச்’ முன்பு குழந்தையைக் குறித்தது. அரசிக்கான சொல்லோடு ஒலியில் ஒத்த ‘குயீன்’ என்ற பழஞ்சொல் வெறுமனே பெண் என்றிருந்து விலைமகள் என்றானது. ‘ஹார்லட்’ கதை வேறு வகை. தொடக்கத்தில் அது ஊர்சுற்றியான ஆணைக் குறித்தது. பதினான்காம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் அதை ஆண்களுக்கே பயன்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் அது பெண்கள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, பிறகு இறங்கவேயில்லை. ‘ஷ்ரூ’ என்ற மூஞ்சூறும் ஒருகாலத்தில் ஆணைத் திட்டப் பயன்பட்டு, பிறகு வாயாடிப் பெண்ணுக்கென்றே ஆனது.

‘ஸர்’ இன்றும் ஸர்தான். அதற்கு இணையான ‘மேடம்’ விபசார விடுதி நடத்துபவளையும் குறிக்கும். ‘மாஸ்டர்’ தலைவன், ஆசான், வல்லவன், ‘மிஸ்ட்ரஸ்’ ஆசைநாயகி. மணமாகாத ஆண் ‘பேச்சலர்’ என்று உல்லாசமாகத் திரிய, நூல் நூற்றுப் பிழைத்த ‘ஸ்பின்ஸ்டர்’ ஏளனத்துக்கு ஆளானாள். இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் மணமாகாத பெண்ணுக்கு அதுவே அதிகாரபூர்வப் பெயராக 2005 வரை இருந்தது. இந்த இணைகளையெல்லாம் சேர்த்து வைத்து, ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்கும் சொல் ஏறக்குறைய எதுவானாலும் காலப்போக்கில் இழிவை நோக்கிச் சரிகிறது என்று 1975இல் மியூரியல் ஷுல்ஸ் ஒரு கட்டுரையில் காட்டினார். பெண்ணிய மொழியியலில் அது இன்றும் தொடக்கப் பாடம்.

சொல்லோடு நிற்கவில்லை, கருவிகளும் இருந்தன. ஓயாமல் சண்டை போட்டு அண்டை அயலாரின் அமைதியைக் கெடுப்பவள் ‘காமன் ஸ்கோல்ட்’ என்ற குற்றவாளி. சட்டத்தின் லத்தீன் இந்தக் குற்றத்துக்குப் பெண்பால் சொல்லை மட்டுமே வைத்திருக்கிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனே குறிப்பிடுகிறார். நெடுங்கம்பின் நுனியில் பொருத்திய நாற்காலியில் அவளைக் கட்டிக் குளத்தில் முக்கி எடுப்பது தண்டனை. அதற்கு முன்னோடியான மலநாற்காலி செஸ்டர் நகரத்தில் இருந்ததை டூம்ஸ்டே ஏடே சொல்கிறது. கெட்ட பீர் காய்ச்சியவர் ஒன்று அதில் உட்கார வேண்டும், அல்லது 4 ஷில்லிங் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இரும்பு வாய்ப்பூட்டு வேறு. தலையைச் சுற்றிக் கூண்டு, நாக்கை அழுத்தும் தகடு, தெருத்தெருவாக இழுத்துச் செல்ல ஒரு சங்கிலி. முக்கும் நாற்காலி லெம்ஸ்டர் ஊரில் 1809இல் கடைசியாகப் பயன்பட்டது. குற்றத்தின் பெயரோ சட்டப் புத்தகத்தில் 1967 வரை பிழைத்திருந்தது.

மனைவி தவறினால் அவமானம் கணவனுக்கு. அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் குயிலினத்தின் பெயரிலிருந்து ‘கக்கோல்ட்’ வந்தது. அவன் தலையில் கண்ணுக்குத் தெரியாத கொம்பு முளைத்திருப்பதாகக் கேலி. கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவிக்கும் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு சொல் உண்டாக்கிப் பார்த்தார்கள். அது வழக்கிலிருந்து மறைந்துபோயிற்று. ஊருக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஊர் இவ்விஷயத்தில் எப்படி இயங்கியது என்பதை வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் ‘முரட்டு இசை’ பற்றிய ஆய்வில் விவரித்திருக்கிறார். மனைவியிடம் அடி வாங்கியவன், மனைவியை அடித்தவன், முறைகேடாகக் கூடியவர்கள் ஆகியோரின் வீட்டு வாசலில் சட்டி பானைகளைத் தட்டிக் கூச்சலிட்டு, கொடும்பாவிகளைக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். தாமஸ் ஹார்டியின் 1886ஆம் ஆண்டு நாவலான ‘காஸ்டர்பிரிட்ஜ் மேயர்’ கதையில் அப்படியொரு ஊர்வலத்தைச் சன்னலிலிருந்து பார்க்கும் லுசெட்டா மயங்கி விழுந்து, அதிலேயே இறந்துபோகிறாள்.

இனி நீதிமன்றத்துக்குப் போவோம். அங்கேதான் நம் பத்திரிகைகள் இன்றும் புழங்கும் சொற்கள் பிறந்தன. ‘ஸ்லாண்டர்’, ‘ஸ்காண்டல்’ இரண்டும் ஒரு தாய் மக்கள். கிரேக்கத்தில் பொறியையும் இடறச் செய்வதையும் குறித்த ஒரு சொல் லத்தீன் வழி பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இரண்டு முறை, இரண்டு உருவத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. தமிழ் விவிலியத்தில் ‘இடறல்’ என்று வருவது இதே கருத்துதான். ‘லைபெல்’ என்பது சிறு புத்தகம், துண்டுச் சுவடி. ‘இக்னோமினி’ பெயர் இழத்தல். ‘இன்ஃபமி’ ரோமச் சட்டத்தில் சில உரிமைகளையே பறிக்கும் நிலை.

1275இலேயே பெரிய மனிதர்களைப் பற்றி வதந்தி பரப்புவது தனிக் குற்றமாயிற்று. அந்தச் சட்டம் 1887 வரை ஏட்டில் இருந்தது. சாமானியர்கள், குறிப்பாகப் பெண்கள், திருச்சபை நீதிமன்றத்துக்குத்தான் போக முடிந்தது. ஒருவர் மேல் தீய எண்ணத்தோடு குற்றம் சுமத்துபவரைச் சபையிலிருந்து விலக்க வேண்டும் என்று 1222இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றம் விதித்திருந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு லண்டனின் அந்த வழக்கேடுகளை லாரா கோயிங் ஆராய்ந்து 1996இல் எழுதிய நூல் ஒரு சுரங்கம். வாசற்படியில், தண்ணீர் எடுக்கும் இடத்தில், கடை முன்னால் பெண்கள் ஒருவரையொருவர் வேசி என்று ஏசியதும், கேட்டவர்கள் சாட்சி சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ஆண்களின் கௌரவம் கடன், நாணயம், தொழில் என்று பல கால்களில் நிற்க, பெண்ணின் கௌரவத்தை ஒரே காலில் நிறுத்திவிட்டார்கள் என்பது அவ்வழக்குகளைப் படிக்கும் எவருக்கும் புலப்படும்.

அரச நீதிமன்றங்களும் அவதூறு வழக்குகளில் மூழ்கத் தொடங்கின. நீதிபதிகள் ஒரு தந்திரம் கண்டார்கள்: சொன்ன சொல்லுக்கு எவ்வளவு சாதுவான பொருள் கொள்ள முடியுமோ அதையே கொள்வது. அதன் உச்சம் ஏறத்தாழ 1607இல் வந்தது. சர் தாமஸ் ஹோல்ட் தன் சமையல்காரனின் தலையை வெட்டுக்கத்தியால் பிளந்தார், ஒரு பாதி ஒரு தோளிலும் மறுபாதி மறுதோளிலும் விழுந்தது என்று ஒருவர் பேசிவிட்டார். ஹோல்ட் வழக்குப் போட்டார். தோற்றார். சமையல்காரன் செத்தான் என்று அந்தச் சொற்களில் எங்கும் இல்லை, ஆகவே கொலைப்பழி சுமத்தியதாகாது என்று தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சிரிக்காத தலைமுறையே இல்லை.

பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று பேசுவதற்கு, பண நட்டத்தைக் காட்டாமலே அரச நீதிமன்றத்தில் ஈடு கேட்கலாம் என்ற சட்டம் 1891இல்தான் வந்தது. பெரிய மனிதர்களுக்குக் கிடைத்த காப்புக்கும் இதற்கும் இடையில் 616 ஆண்டுகள்.

எழுத்தில் அவமதித்தவர்களுக்கோ உடம்பிலேயே எழுதினார்கள். வில்லியம் பிரின் என்ற பியூரிட்டன் வழக்கறிஞர் நாடகங்களுக்கு எதிராக ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். பொருளகராதியில் நடிகைகளைப் பேர்போன வேசிகள் என்று குறித்திருந்தார். அச்சமயம் அரசி ஹென்ரியட்டா மரியா அரண்மனை நாடகத்தில் நடிக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அரசியைத்தான் சொன்னார் என்று ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் முடிவுகட்டி 1634இல் அவர் காதுகளை அறுத்தது. 1637இல் மறுபடி எழுதினார். மிஞ்சியிருந்த காதையும் அறுத்து, ராஜதுரோக அவதூறுக்காரன் என்பதன் முதலெழுத்துகளான ‘எஸ்’, ‘எல்’ இரண்டையும் கன்னத்தில் சூடுபோட்டார்கள். தன்னைத் தண்டித்த பேராயர் லாட் பெயரை வைத்து, இது லாடின் தழும்பு என்று அந்த எழுத்துகளுக்கு அவர் லத்தீனில் வேறு விரிவு சொன்னார். வசைக்குப் பதில் தர இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

ஆறாம் எட்வர்டின் 1547ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின்றித் திரிபவனின் மார்பில் ‘வி’ பொறித்து இரண்டாண்டு அடிமையாக்கச் சொன்னது. தப்பியோடினால் முகத்தில் ‘எஸ்’, ஆயுள் அடிமை. மிகக் கொடியதென்று சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் 1658இல் பிறன்மனை சேர்ந்தவர்களின் மேலாடையில் ‘ஏ’, ‘டி’ என்ற எழுத்துகளைத் தைக்கச் சட்டம் போட்டார்கள். 1850இல் வந்த ஹாதோர்னின் ‘சிவப்பு எழுத்து’ நாவலுக்குப் பின்னால் இத்தகைய சட்டங்கள் உண்டு. அடிமை உடம்பில் குத்திய அடையாளத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘ஸ்டிக்மா’. கிட்டத்தட்ட பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து, 1963இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மனின் நூல் தலைப்பாகி, இப்போது தொழுநோய் முதல் மனநோய் வரை சுகாதாரத் துறையின் அன்றாடச் சொல்லாகிவிட்டது.

தொழுமரத்துக்கும் அதே கதை. கழுத்தையும் கைகளையும் மாட்டிச் சந்தையில் நிற்க வைக்கும் ‘பில்லரி’யில் 1703 ஜூலையில் டேனியல் டிஃபோ மூன்று நாள் நின்றார். மக்கள் அழுகிய முட்டைக்குப் பதில் பூ எறிந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் இதைப் பற்றி ஒரு பாட்டே எழுதி அச்சிட்டார். பார்க்கும் கூட்டம் ஒத்துழைக்காவிட்டால் தொழுமரம் வெறும் மரம்தான். 1837இல் பிரிட்டன் அதை ஒழித்தது. மரம் போயிற்று, வினைச்சொல் நின்றது: பத்திரிகைகள் அரசியல்வாதிகளைப் ‘பில்லரி’ செய்கின்றன. பகிரங்கத் தண்டனை மனிதனை மரணத்தைவிட மோசமாகச் சிதைக்கிறது, அவமானப்பட்டவன் திருந்துவதற்கான காரணத்தையே இழக்கிறான் என்று அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1787லேயே வாதிட்டிருந்தார். ஆனாலும் 2004இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கடிதம் திருடியவர் தன் குற்றத்தை எழுதிய பலகையைச் சுமந்து சான்பிரான்சிஸ்கோ தபால் நிலைய வாசலில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்ற தண்டனையைச் சரி என்றது.

மேட்டுக்குடியினர் கூச்சல் போடுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதன் பெயர் ‘கட்’. 1811இல் வெளியான கொச்சைமொழி அகராதி இதை நான்காகப் பிரிக்கிறது. எதிரே வருபவரைப் பார்த்ததும் தெருவைக் கடந்துவிடுவது ஒன்று. வேறெங்கோ பார்ப்பது இன்னொன்று. கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் உச்சியை வியந்தபடி நிற்பது ‘மகோன்னத’ வகை. குனிந்து காலணிக் கயிற்றைச் சரிசெய்வது ‘பாதாள’ வகை. படிக்க வேடிக்கைதான். இதே வேலையை 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஃபிட்ஸ்ஜெரால்டு வேறு விதத்தில் தொடங்கிவைத்தார். போருக்குப் போகாத இளைஞர்களுக்குக் கொடுக்கச் சொல்லி முப்பது பெண்களிடம் வெள்ளை இறகுகளை ஒப்படைத்தார். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளை இறகிருந்தால் அது கலப்பினம், களத்தில் நிற்காது என்பது சேவற்கட்டுக்காரர் நம்பிக்கை. முதல் உலகப் போர் முழுவதும் அந்த இறகு தெருவில் புழங்கியது. காயம்பட்டுத் திரும்பியவர்களும் சாதாரண உடையில் நடந்தால் தப்பவில்லை. கடைசியில் 1916இல் அரசே அவர்களுக்கு வெள்ளிச் சின்னம் கொடுத்தது. வாய் பேசாத வசைக்கு வாய் பேசாத மறுப்பு.

தனிமனிதர் பெயரே வசையானதும் உண்டு. நார்வேயை நாஜிகளுக்குக் காட்டிக்கொடுத்த குவிஸ்லிங்கின் பெயரை 1940 ஏப்ரலிலேயே லண்டன் டைம்ஸ் பொதுச்சொல்லாக்கிவிட்டது. அயர்லாந்தில் 1880இல் குத்தகைதாரர்கள் ஒதுக்கிவைத்த பண்ணை முகவர் பாய்காட்டின் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். இவை செயலைப் பார்த்து வந்தவை, அந்த வகையில் நித்திங்கின் வாரிசுகள்.

கடந்த சில பத்தாண்டுகளில் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. அவமானப்படுத்தப்பட்டவரைக் குறித்த சொற்களே குவிந்துகிடந்த மொழியில், அவமானப்படுத்துபவரின் செயலைக் குறிக்கும் சொற்கள் பெருகியிருக்கின்றன. ‘பாடி ஷேமிங்’ என்று தமிழ் வாரப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. ‘ஸ்லட் ஷேமிங்’, ‘ஃபேட் ஷேமிங்’ என்று பட்டியல் நீள்கிறது. ‘பெயர் சொல்லி நாணவைத்தல்’ என்ற முழக்கம் 2000 ஜூலையில் பிரிட்டனின் ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ ஏட்டில் எல்லை கடந்தது. ஒரு சிறுமியின் கொலைக்குப் பின், சிறாரிடம் பாலியல் குற்றம் புரிந்தவர்களின் படங்களை அது வெளியிட்டது. அடுத்த மாதம் தெற்கு வேல்ஸில் ஒரு பெண் குழந்தைநல மருத்துவரின் வீட்டில் யாரோ வசை எழுதிவைத்தார்கள். அவருடைய தொழிலின் பெயரும் குற்றத்தின் பெயரும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன, அவ்வளவுதான். ஒரு சிறு பெயர்ப்பலகையைக்கூட முழுக்கப் படிக்க நேரமில்லாத கோபம்! அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1989இல், ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெயிட், மனிதரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் நாணமூட்டலையும் முத்திரை குத்தித் தள்ளும் நாணமூட்டலையும் பிரித்துக் காட்டியிருந்தார். செயலைக் கண்டி, ஆளை ஒதுக்காதே என்பது அவருடைய வாதத்தின் சாரம். செய்தித்தாள்களுக்கு இந்த நுட்பம் எட்டவில்லை.

வசையைத் தாங்கியவர்கள் அதைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட வரலாறும் பழையதே. அயர்லாந்துக் கொள்ளையருக்கான சொல் ‘டோரி’, ஸ்காட்லாந்துக் கலகக்காரருக்கான சொல் ‘விக்’. 1680ஐ ஒட்டி இரு கட்சிகளும் மாறி மாறி ஏசிக்கொண்டு, பிறகு அப்பெயர்களிலேயே நாட்டை ஆண்டன. 1650இல் டெர்பி நீதிபதி ஒருவர் மதப் போதகர் ஜார்ஜ் ஃபாக்ஸைக் கேலி செய்த ‘குவேக்கர்’, ஒரு சபையின் பெயராயிற்று. 2011 ஏப்ரலில் டொரன்டோவில், ஒழுக்கம் கெட்டவள் என்று ஏசும் ‘ஸ்லட்’ என்ற சொல்லைத் தாங்கியே பெண்கள் ஊர்வலம் போனார்கள். சில மாதங்களில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் வரலாற்றில் அந்தச் சொல்லின் கனம் வேறு, அதை எங்களால் அணிந்துகொள்ள முடியாது என்று.

இதே வாதம் நூறாண்டுக்கு முன்பே சென்னையில் நடந்திருக்கிறது, ஆங்கிலத்துக்கு நம் மண் கொடுத்த ஒரு சொல்லை வைத்து. பறை என்ற வாத்தியத்தோடு பொதுவாகத் தொடர்புபடுத்தப்படும் ஒரு சமூகத்தின் பெயர், கரையோரம் வந்த ஐரோப்பியர் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போய் ‘பரையா’ ஆயிற்று. முதலில் அது ஒரு சாதியின் பெயராகவே நின்றது. தெருநாய்க்கு அடைமொழியாகவும் ஆக்கினார்கள். 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் த சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்ற கதையில் அச்சமூகத்தவர் ஒருவரை ஞானியாகப் படைத்தார். 1821இல் டெலவீன் அப்பெயரில் நாடகம் எழுதினார். 1824இல் கதேயின் கவிதை வெளியானது. எல்லாம் பரிவோடுதான். அந்தப் பரிவே விதைத்த விளைவு என்னவென்றால், உலகில் எவரை எவர் ஒதுக்கினாலும் அந்த ஒதுக்கலுக்கு ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது. மாக்ஸ் வேபர் அதைச் சமூகவியல் கலைச்சொல்லாக்கினார். ஹன்னா ஆரெண்ட் 1944இல் யூதர்களின் நிலையை விளக்க அதை எடுத்தாண்டார்.

இங்கே, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். தன் மக்களை எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ அந்தப் பெயரோடே நிமிர வேண்டும் என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு உடன்படவில்லை. எதிரிகள் இழிவுபடுத்தச் சூட்டிய பெயர் அது, அதை ஏற்பதே தோல்வி, நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய ஏட்டுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு தன் ஆவணங்களில் அப்பெயருக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஏற்றது. டொரன்டோ ஊர்வலத்தையும் அதை மறுத்த கடிதத்தையும் படிக்கும்போது எனக்கு இந்த இரு பெரியவர்களின் நினைவுதான் வந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உலக அரங்கில் இந்த விவாதம் பேசப்படும்போது சென்னையின் பெயர் வருவதில்லை என்பது குறையே.

இந்தியாவில் ஒருவரைப் பலர் அறிய அச்சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி சிறை. லண்டனிலும் நியூயார்க்கிலும், அவற்றைப் பார்த்து எழுதும் நம் ஆங்கில நாளேடுகள் சிலவற்றிலும், தடைவிதிக்கப்பட்ட நாடு ‘பரையா ஸ்டேட்’. சங்கம் ஒதுக்கிய விளையாட்டு வீரர் ‘பரையா’. உடலைக் கேலி செய்வதற்கும் பெண்ணை ஏசுவதற்கும் கண்டனப் பெயர் கண்டுபிடித்த மொழி, தலையங்கத்தில் இச்சொல்லை எழுதும்போது கை கூசுவதில்லை. அவுட்காஸ்ட், எக்ஸைல், ஆஸ்ட்ரசைஸ்டு என்று அதே வேலைக்கு அதனிடம் வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன.